முதுகுப்பையின் வரலாறு

முதுகுப்பை என்பது இரண்டு தோள் வார்களால் முதுகோடு சேர்த்து மாட்டப்பட்டு, இரு கைகளையும் வீசி நடக்க இடந்தரும் பையாகும். தமிழ்நாட்டில் இது புத்தகப்பை, ஸ்கூல் பேக், தோள்பை, பேக்பேக் எனப் பல பெயர்களால் வழங்குகிறது. கடையில் ஒரு பையைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் நிறம், விலை, ஜிப், எத்தனை அறைகள் என்பவற்றையே பார்க்கிறார். ஆனால் இந்தப் பை இன்றைய வடிவத்தை அடைந்த கதையில் இவற்றுக்கு அதிக இடமில்லை. சுமை உடலின் எந்த இடத்தில் இறங்குகிறது என்பதும், எவ்வளவு சுமை என்று முடிவு செய்பவர் யார் என்பதுமே அதனை உருவாக்கின. முதல் கேள்விக்கு வேட்டைக்காரர்களும் மலையேறிகளும் நல்ல விடை கண்டார்கள். இரண்டாவது கேள்வி பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் முடிந்தபாடில்லை.

தலையிலிருந்து முதுகுக்கு

சமவெளி மக்களுக்குச் சுமை என்றால் பெரும்பாலும் தலைச்சுமைதான். தமிழகத்தில் விறகுக் கட்டும் புல்லுக்கட்டும் நெல் மூட்டையும் தலையில் ஏறின. துணியைச் சுருட்டி வைத்த சும்மாடு, பாரம் ஓரிடத்தில் மட்டும் அழுத்தாமல் பார்த்துக்கொண்டது. தண்ணீர்க்குடம் இடுப்பில் அமர்ந்தது. இருபுறமும் தொங்கும் பாரத்துக்குத் தோளில் காவடித்தண்டு இருந்தது. தலைச்சுமையில் பாரம் முதுகெலும்புக்கு நேர் மேலே நிற்பதால் உடல் முன்னும் பின்னும் சாய வேண்டியதில்லை. ஆனால் பெரிய சுமையாக இருந்தால், இன்னொருவர் கைகொடுக்காமல் ஏற்றவோ இறக்கவோ முடியாது. வழியோரங்களில் ஆள் உயரத்துக்கு நடப்பட்ட சுமைதாங்கிக் கற்கள் இந்தக் குறைக்காகவே எழுந்தவை. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக, அவள் இறக்கிவைக்காமற்போன சுமையை எண்ணி, இக்கல்லை நடும் வழக்கமும் தமிழகத்தில் இருந்தது.

காடும் செங்குத்தான ஏற்றமும் உள்ள இடங்களில் தலைச்சுமை உதவாது. கிளைகள் தட்டும், காலடியைக் குனிந்து பார்க்க முடியாது, சரிவில் பற்றிக்கொள்ளக் கை வேண்டும். எனவே மலை நாடுகளில் சுமை முதுகுக்கு இறங்கியது. இதற்கு மிகப் பழைய சான்றாகச் சொல்லப்படுவது ஓட்சி என்ற பனிமனிதனின் உடைமைகளில் ஒன்று. ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இம்மனிதனின் உடல், 1991 செப்டம்பர் 19 அன்று இத்தாலி, ஆஸ்திரியா எல்லையிலுள்ள ஆல்ப்ஸ் மலையில் பனிக்குள்ளிருந்து வெளிப்பட்டது. உடலுக்கு அருகே, வளைத்த ஹேசல் மரக்கொம்பு ஒன்றும் குறுக்காகக் கட்டத்தக்க இரு மரப்பலகைகளும் புல் கயிறுகளும் கிடந்தன. இவை முதுகில் சுமக்கும் சட்டகத்தின் பகுதிகள் என்பது பரவலான கருத்து. பனியில் நடப்பதற்கான காலணியின் சட்டமாக இருக்கலாம் என்று கூறுவோரும் உண்டு.

இமயமலைச் சரிவுகளில் வேறொரு முறை வளர்ந்தது. நேபாளத்துச் சுமைதூக்கிகள் மூங்கிலால் பின்னிய கூம்பு வடிவக் கூடையை முதுகில் வைத்து, அதைத் தாங்கும் பட்டையை உச்சந்தலையின் முன்பக்கத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். கூடைக்கு டோக்கோ என்றும் பட்டைக்கு நம்லோ என்றும் பெயர். கையில் குட்டையான ஒரு கோல் இருக்கும். நடக்கையில் அது ஊன்றுகோல். நிற்கையில் அதையே கூடையின் அடியில் முட்டுக்கொடுத்து, பாரத்தை இறக்காமலேயே இளைப்பாறுவார்கள். சுமைதாங்கிக் கல்லைக் கையோடு கொண்டுபோவது போன்ற ஏற்பாடு இது. 2005ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு ஒன்று, நாம்சே பஜாருக்குச் செல்லும் வழியில் இவர்களை எடைபோட்டது. ஆண்கள் சராசரியாகத் தம் உடல் எடையில் 93 விழுக்காட்டையும் பெண்கள் 66 விழுக்காட்டையும் சுமந்தனர். அதே அளவு பாரத்தை மேற்கத்திய முதுகுப்பையில் சுமப்பவரைவிட இவர்கள் செலவழித்த ஆற்றல் குறைவு. மெதுவாக நடப்பது, அடிக்கடி நின்று இளைப்பாறுவது, சிறு வயது முதலே பழகுவது ஆகியவை இதில் சேரும். ஆனால் இதைப் படித்துவிட்டு மனித உடல் எதையும் தாங்கும் என்று முடிவுகட்டுவது தவறு. எடைக்கேற்ற கூலி என்பதால்தான் அவர்கள் அவ்வளவு எடுக்கிறார்கள்.

இலங்கை மலையகத்திலும் நீலகிரியிலும் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்ப் பெண்களின் கொழுந்துக் கூடையும் இந்த வகையைச் சேர்ந்ததே. கூடையின் கயிறு தலைத்துணியின் மேல் படிந்திருக்கும். இரு கைகளும் கொழுந்து பறிக்க விடுபட்டிருக்கும். ஒரு நாள் சம்பளத்துக்கு எத்தனை கிலோ கொழுந்து என்பதை நிர்ணயிப்பது கூடையைச் சுமப்பவர் அல்லர்.

படைவீரனின் மூட்டை

பிறர் வகுத்த சுமையை முதுகில் ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் நடந்தவர்களில் படைவீரர்கள் முக்கியமானவர்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் உரோமைத் தளபதி மாரியஸ், படைக்குப் பின்னே வரும் பொதிவிலங்குகளைக் குறைத்து, உணவையும் கருவிகளையும் வீரர்களே சுமக்கச் செய்தார். அவர்களுக்கு 'மாரியஸின் கோவேறு கழுதைகள்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த மூட்டை, தோளில் சாய்த்த ஒரு கழியின் நுனியில் தொங்கியது.

பிற்கால ஐரோப்பியப் படைகளில் மூட்டை முதுகுக்கு வந்தது. தோலாலோ தடித்த துணியாலோ ஆன விறைப்பான பெட்டி போன்ற பை, அதை இழுத்துப்பிடிக்க மார்பின் குறுக்கே ஓடும் வார்கள் என்பது அதன் அமைப்பு. இந்த வார்கள் மார்பை இறுக்கி மூச்சைத் தடுக்கின்றன என்று 19ஆம் நூற்றாண்டுப் படை மருத்துவர்கள் குறைகூறினர். அமெரிக்கப் படை அதிகாரி ஹென்றி மெரியம் 1878இல் ஒரு பைக்குக் காப்புரிமை பெற்றார். பையின் இருபுறமும் உள்ள கோல்கள் பாரத்தின் ஒரு பகுதியை இடுப்புக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்பது அவர் எண்ணம். எண்ணம் சரியானது, ஆனால் அந்தப் பை வசதியாக இல்லாததால் படையில் நிலைக்கவில்லை.

பை எவ்வளவு திருந்தினாலும், மிச்சமான வலிமையை நிரப்ப மேலிடத்தில் யாராவது ஒருவர் இன்னொரு பொருளைச் சேர்த்துவிடுவார் என்பது படை வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும் புகார். எஸ்.எல்.ஏ. மார்ஷல் 1950இல் எழுதிய நூலில், 1944 நார்மண்டிக் கடற்கரைத் தரையிறக்கத்தில் வீரர்களின் அளவுமீறிய சுமையே அவர்களைக் களைப்படையச் செய்து பலியிட்டது என்று வாதிட்டார். இந்தப் புகாரைப் பள்ளிக்கூடத்துக்கும் அப்படியே பொருத்தலாம்.

தோளிலிருந்து இடுப்புக்கு

முதுகுப்பையில் உண்மையான முன்னேற்றம், சுமப்பவரே தமக்காகச் செய்துகொண்ட இடங்களில் நிகழ்ந்தது. நார்வே நாட்டைச் சேர்ந்த ஓலே பெர்கன் 1908இல் வேட்டைக்குச் சென்றார். சட்டகமில்லாத அக்காலப் பை முதுகில் உருண்டு தொங்கித் தோளை அறுத்தது. அவர் ஒரு மரக்கொம்பை முதுகின் வளைவுக்கு ஏற்ப வளைத்துப் பையோடு கட்டிப் பார்த்தார். பை முதுகோடு ஒட்டாமல் சற்றே விலகி நின்றது. பாரம் தாழ்ந்து இறங்கியது. கொம்பு பின்னர் எஃகுக் குழாயாக மாறியது. 1909இல் இவ்வமைப்புக்குக் காப்புரிமை கிடைத்தது. தென்துருவத்தை முதலில் அடைந்த அமுண்ட்சன் குழுவினர் பயன்படுத்தியவற்றுள் பெர்கன் பைகளும் இருந்தன. பிரித்தானியப் படையினர் பெரிய முதுகுப்பையை இன்றும் 'பெர்கன்' என்றே அழைக்கின்றனர்.

அமெரிக்காவில் லாய்ட் நெல்சன் என்பவர் 1920களில் இதே வழியில் சென்றார். அலாஸ்காவில் பழங்குடியினரின் முதுகுச்சட்டம் ஒன்றைக் கண்ட அனுபவத்திலிருந்து, மரச்சட்டத்தின் மேல் துணியை இறுக்கிக் கட்டி, அதில் பையைப் பொருத்தினார். 'டிராப்பர் நெல்சன்' என்ற பெயரில் அது பல ஆண்டுகள் விற்றது. துணி முதுகின் மேல் விறைத்து நின்றதால் பையிலிருந்த கூர்மையான பொருள்கள் உடம்பில் குத்தவில்லை. ஆனால் பாரம் இன்னும் தோளில்தான் இருந்தது.

தோளை விட்டு அது இறங்கியது கலிபோர்னியாவில். 1951இல் டிக் கெல்டியும் அவர் நண்பர் ஒருவரும் சியரா நெவாடா மலையில் நடந்துகொண்டிருந்தனர். தோள்வலி தாளாமல், மரச்சட்டத்தின் கீழ் முனைகளைக் காற்சட்டையின் பின் பைகளுக்குள் செருகிப் பார்த்தபோது தோள் சட்டென்று இலேசானது. பாரம் இடுப்பெலும்பில் அமர்ந்துவிட்டது. அடுத்த ஆண்டு கெல்டி தம் வீட்டிலேயே அலுமினியக் குழாயை வளைத்துச் சட்டகம் செய்யத் தொடங்கினார். அவர் மனைவி நேனா நைலான் துணியில் பைகளைத் தைத்தார். முதல் ஆண்டில் 29 பைகள் விற்றன; ஒன்றின் விலை 24 டாலர். பஞ்சு வைத்த இடுப்புப் பட்டை அவர்கள் பையின் அடையாளமாயிற்று. 1963இல் எவரெஸ்ட் ஏறிய அமெரிக்கக் குழுவின் முதுகில் கெல்டி பைகள் இருந்தன.

இந்த இடுப்புப் பட்டை ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு விடை உடற்கூறில் உள்ளது. தோளில் இறங்கும் பாரத்தை அங்குள்ள தசைகள் விடாமல் இழுத்துப்பிடித்திருக்க வேண்டும். கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புகளும் அவ்வழியே ஓடுகின்றன. பையின் எடை பின்னால் இருப்பதால் உடல் விழாமலிருக்க முன்னே சாய்கிறது, கழுத்து முன்தள்ளுகிறது. இடுப்பெலும்போ கால்களின் மேல் நேராக அமர்ந்த அகன்ற கிண்ணம் போன்றது. அதன் மேல் விளிம்பைப் பட்டை இறுகப் பற்றினால் சுமையின் பெரும்பகுதி கால் எலும்புகளின் வழியே தரைக்குப் போய்விடும். பாரம் முதுகுக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு குறைவாகச் சாய்ந்தால் போதும். இதற்காகத்தான் கனமான பொருளை முதுகை ஒட்டி வைக்கச் சொல்கிறார்கள். 1967இல் கிரெக் லோ சட்டகத்தைப் பைக்கு உள்ளேயே மறைத்துத் தைத்தபோது இந்த நெருக்கம் இன்னும் கூடியது. பாறை ஏறுபவர்களுக்கு அது பெரும் வசதி. வெளிச்சட்டகமுள்ள பையில் முதுகுக்கும் பைக்கும் இடையே காற்றோட்டம் இருந்தது. உள்சட்டகப் பையில் வியர்க்கும்.

இன்று மலையேற்றத்துக்குப் பை வாங்குபவர் பின்பற்றும் விதிகள் எல்லாம் இந்த அரைநூற்றாண்டுச் சோதனையிலிருந்து வந்தவை. பையின் கொள்ளளவு லிட்டரில் குறிக்கப்படுகிறது. ஒரு பகல் நடைக்கு 20 முதல் 30 லிட்டர் போதும். இரண்டு மூன்று நாள் பயணத்துக்கு 40, 50 லிட்டர். கூடாரமும் சமையல் பொருளும் சுமந்து செல்பவருக்கு அதற்கும் மேல். ஆனால் லிட்டரைவிட முக்கியமானது முதுகு நீளம். கழுத்தைக் குனிந்தால் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல் விளிம்பு வரை அளக்க வேண்டும். ஒரே உயரமுள்ள இருவருக்கு இந்த அளவு மாறலாம். அளவு பொருந்தாவிட்டால் இடுப்புப் பட்டை வயிற்றிலோ பிட்டத்திலோ போய் நிற்கும். சுமை மீண்டும் தோளுக்கே ஏறும். வெறும் பையை மாட்டிப் பார்த்து வாங்குவது, பசியில்லாத நேரத்தில் சமையலை ருசி பார்ப்பது போன்றது. உள்ளே நாலைந்து கிலோ பாரம் வைத்துக் கடைக்குள்ளேயே சிறிது நேரம் நடந்து பார்த்தால்தான் உண்மை தெரியும்.

மாணவர் கைக்கு வந்த பை

மேற்கு நாடுகளின் மாணவர்கள் 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் புத்தகங்களை ஒரு தோல் வாரால் சேர்த்துக் கட்டிக் கையில் எடுத்துச் சென்றனர். தமிழ்நாட்டில் சிலேட்டும் பலப்பமும் ஓரிரு புத்தகங்களும் மஞ்சள் துணிப்பைக்குள் அடங்கின. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளிடம் அலுமினியப் பெட்டி இருந்தது. உரப்பையைத் தைத்துப் புத்தகப்பையாக்கிக் கொண்டவர்களும் உண்டு.

மலையேற்றப் பை கல்லூரிக்குள் நுழைந்த இடம் அமெரிக்காவின் சியாட்டில் நகரம். மர்ரி பிளெட்ஸ், ஜான் லூயிஸ், ஸ்கிப் யோவல் ஆகிய மூவரும் 1967இல் அங்கே ஜான்ஸ்போர்ட் நிறுவனத்தைத் தொடங்கினர். மணந்துகொண்டு பைகளைத் தைத்துத் தருவதானால் நிறுவனத்துக்கே உன் பெயரை வைக்கிறேன் என்று பிளெட்ஸ் ஜானிடம் சொன்னதாக ஒரு கதை உண்டு. இவர்கள் செய்த சிறு பகல்நடைப் பைகள் வாஷிங்டன் பல்கலைக்கழகப் புத்தகக் கடையின் விளையாட்டுப் பொருள் பிரிவில் விற்கப்பட்டன. மழை அதிகமான ஊர் அது. மாணவர்கள் புத்தகம் நனையாமலிருக்க அவற்றை வாங்கத் தொடங்கினர். 1980களில் அமெரிக்கப் பள்ளிகள் எங்கும் அது பரவியது, பின்னர் உலகெங்கும்.

இந்தப் பயணத்தில் ஒன்று தொலைந்துபோனதை யாரும் அப்போது பொருட்படுத்தவில்லை. சட்டகமும் இடுப்புப் பட்டையும் பையிலிருந்து கழன்றுவிட்டன. இரண்டு மூன்று புத்தகங்களோடு வளாகத்துக்குள் நடக்கும் கல்லூரி மாணவருக்கு அவை தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் அதே மெல்லிய பை ஏழு வயதுப் பிள்ளையின் தோளில் ஏறி, அதற்குள் எட்டுப் பாடங்களுக்கான நூல்களும் நோட்டுகளும் சேர்ந்தபோது, பெர்கனும் கெல்டியும் தீர்த்துவைத்த சிக்கல் பழையபடி திரும்பி வந்தது.

ஜப்பானின் கதை இதற்கும் முந்தியது. அங்குத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் அணியும் விறைப்பான தோல்பைக்கு ரான்டோசெரு என்று பெயர். படைவீரர்களின் முதுகுப்பையைக் குறிக்கும் டச்சுச் சொல்லிலிருந்து திரிந்த பெயர் இது. பிரபுக்களின் பிள்ளைகள் படித்த காகுஷூயின் பள்ளி, 1885இல், வண்டியிலும் ரிக்‌ஷாவிலும் வந்து இறங்கும் வழக்கத்தைத் தடை செய்தது. வேலையாள் சுமக்காமல் தம் பொருளைத் தாமே சுமந்து வர வேண்டும் என்றது. 1887இல் பள்ளியில் சேர்ந்த பட்டத்து இளவரசருக்குப் பிரதமர் இடோ ஹிரோபூமி பெட்டி வடிவத் தோல்பையைப் பரிசளித்தார். ஏழை பணக்காரன் வேறுபாட்டைப் போக்க வந்த பை, இன்று வீட்டுப் பெரியவர்கள் பெருஞ்செலவு செய்து வாங்கித்தரும் பரிசாகிவிட்டது. ஆறாண்டுகள் உழைக்கும், ஆனால் தோலில் செய்தது வெறுமையாகவே 1 கிலோவுக்கு மேல் இருக்கும்.

இந்தியாவில் பை எடை விவாதம்

இந்தியாவில் புத்தகப்பையின் எடை பொதுவிவாதத்துக்கு வந்ததில் ஓர் எழுத்தாளருக்குப் பங்குண்டு. சென்னையில் பிறந்த ஆர்.கே. நாராயண், மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக 1989இல் ஆற்றிய கன்னிப் பேச்சை முழுக்க இதற்கே ஒதுக்கினார். பிள்ளைகள் முதுகு கூனி, கைகளை முன்னால் தொங்கவிட்டு நடக்கிறார்கள் என்றார். அதன் தொடர்ச்சியாக 1992இல் இயற்பியலாளர் யஷ்பால் தலைமையில் ஒரு குழு அமைந்தது. 1993இல் வந்த அதன் அறிக்கை, பேச்சின் எல்லையைத் தாண்டிச் சென்றது. முதுகில் தெரியும் எடையைவிட, புரியாததை மனப்பாடம் செய்யும் சுமையே கொடியது என்று அது கண்டது. பாடத்திட்டத்தை எழுதுபவர்கள் வகுப்பறையிலிருந்து வெகுதொலைவில் இருப்பதையும் சுட்டிக்காட்டியது. பையை எடைபோடச் சென்ற குழு, பையை நிரப்புபவர்களை நோக்கி விரல் நீட்டியது எனலாம்.

2006இல் பிள்ளைகளின் பை எடைக்கு வரம்பு விதிக்கும் மசோதா ஒன்று மாநிலங்களவையில் வைக்கப்பட்டது. இது நடப்பிலுள்ள சட்டம் என்று பல இடங்களில் எழுதப்படுகிறது. அது நிறைவேறவே இல்லை. தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டு முதல் வந்த முப்பருவ முறை, சட்டத்தை நம்பாமல் நூலையே மூன்றாகப் பிரித்தது. ஆண்டு முழுவதற்குமான பாடநூல்களுக்குப் பதிலாக, ஒரு பருவத்துக்குரிய பாடங்கள் மட்டும் ஓரிரு தொகுதிகளாகக் கட்டப்பட்டன. பையின் வடிவத்தில் ஒன்றும் மாற்றாமல் எடையைக் குறைத்த எளிய வேலை இது. நோட்டுகளையும் துணைநூல்களையும் கூடுதலாக வாங்கச் செய்த பள்ளிகளில் பயன் அந்த அளவுக்குக் கிட்டவில்லை.

2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், நீதிபதி என். கிருபாகரன் அளித்த தீர்ப்பில், முதலிரு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்றும் பை எடையைக் குறைக்க மாநிலங்கள் வழிவகை செய்ய வேண்டும் என்றும் ஆணையிட்டது. பிள்ளைகள் பளுதூக்கும் வீரர்கள் அல்லர் என்ற கருத்து அத்தீர்ப்பில் இடம்பெற்றுப் பரவலாகப் பேசப்பட்டது. அவ்வாண்டு இறுதியில் மத்திய அரசு வகுப்புவாரியாக எடை வரம்பை அறிவித்தது: 1, 2ஆம் வகுப்புகளுக்கு 1.5 கிலோ, 10ஆம் வகுப்புக்கு 5 கிலோ. 2020ஆம் ஆண்டின் பள்ளிப் பைக் கொள்கை, பையின் எடை பிள்ளையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்ற அளவுகோலை ஏற்றது. மழலையர் வகுப்புக்குப் பையே வேண்டாம் என்றது.

பத்தில் ஒன்று என்பது இயற்கை விதி அன்று. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 10 முதல் 20 விழுக்காடு வரை என்று சொல்லிவந்துள்ளது. 2018இல் 'பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில்' வெளியான ஒரு மீளாய்வு, அதுவரை நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பையின் எடையோ வடிவமோ முதுகுவலியை உண்டாக்குகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று முடிவு கூறியது. ஆனால் தம் பை கனமாக இருக்கிறது என்று பிள்ளைகளே உணர்ந்த இடத்தில் வலியோடு தொடர்பு தென்பட்டது. பெற்றோரும் பள்ளியும் தராசைப் பார்ப்பதற்கு முன் பிள்ளையைக் கேட்டிருக்கலாம் என்று இதற்குப் பொருள்கொள்வதில் தவறில்லை. வலி வராவிட்டாலும் களைப்பு இருக்கிறது. பேருந்து நெரிசலிலும் மூன்றாம் மாடிப் படிக்கட்டிலும் தடுமாற்றம் இருக்கிறது.

கடையில் நடக்கும் கணக்கு

கொள்கை எழுதப்பட்ட பிறகும் பையைத் தேர்ந்தெடுப்பது ஒவ்வொரு ஜூன் மாதமும் கடையில்தான் நடக்கிறது. முதல் வகுப்புப் பிள்ளையின் எடை ஏறத்தாழ 20 கிலோ என்றால், சுமக்கத்தக்கது 2 கிலோ. பஞ்சு வைத்த, பல அறைகள் கொண்ட, மழைக்குத் தாங்கும் பை ஒன்று வெறுமையாகவே 700, 800 கிராம் இருக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீர் 1 கிலோ. சோற்று டப்பாவை வைக்கும்போதே வரம்பு தொட்டுவிடும். இன்னும் ஒரு புத்தகம்கூட உள்ளே போகவில்லை. பள்ளியில் நல்ல குடிநீர் கிடைத்தால் காலிப் பாட்டிலை அனுப்பினால் போதும். அதனால் குடிநீர்க் குழாயும் பையின் எடையைத் தீர்மானிக்கிறது. பள்ளிகள் தூய குடிநீரும் நல்ல மதிய உணவும் தந்தால் பிள்ளைகள் இவற்றைச் சுமக்க வேண்டியதில்லை என்று 2020 கொள்கையும் கூறுகிறது.

வளர்கிற பிள்ளை என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவது தமிழ்க் குடும்பங்களில் சட்டைக்கும் செருப்புக்கும் உள்ள வழக்கம். பையில் அது வேறு விளைவைத் தரும். பெரிய பை இடுப்புக்குக் கீழே தொங்கி, நடக்கையில் பின்னுக்கு இழுக்கும். இடம் இருப்பதாலேயே தேவையற்றதும் உள்ளே சேரும். பிள்ளையின் முதுகைவிட அகலமாகவோ இடுப்புக்குக் கீழே நான்கு விரற்கடைக்கு மேல் இறங்குவதாகவோ இல்லாத பையே பொருத்தமானது. அகன்ற, மெத்தென்ற இரு வார்களையும் மாட்டி, பை முதுகோடு ஒட்டும்படி இறுக்க வேண்டும். ஒரு தோளில் மட்டும் மாட்டும் பாணியில் உடல் ஒருபக்கம் சாயும். தடித்த நூல்கள் முதுகை ஒட்டிய அறைக்கும், டப்பாவும் பென்சில் பெட்டியும் வெளி அறைக்கும் போக வேண்டும். வயதில் மூத்த, கனமான நூல்களைச் சுமக்கும் மாணவர்களுக்கு மார்பிலோ இடுப்பிலோ ஒரு பட்டை உள்ள பை பயன்படும். கால அட்டவணையைப் பார்த்து முந்தைய இரவே அடுக்கினால் எடை குறையும். ஆனால் அட்டவணையையே பின்பற்றாத பள்ளியில், 'எதற்கும் இருக்கட்டும்' என்று பிள்ளை அத்தனையையும் எடுத்துச் செல்லும். அந்தப் பயத்துக்கு ஏற்ற பை எந்தக் கடையிலும் இல்லை.

சக்கரம் வைத்த பை ஒரு வழி என்று தோன்றும். இந்தியாவின் 2020 கொள்கை அதை ஏற்கவில்லை. படி ஏறுகையில் பிள்ளைகளுக்கு அடிபடலாம் என்பது அது கூறும் காரணம். ஜப்பானில் கல்வி அமைச்சகம் 2018இல், வீட்டுக்குத் தேவையில்லாத நூல்களைப் பள்ளியிலேயே விட்டுச் செல்ல அனுமதிக்குமாறு பள்ளிகளைக் கேட்டுக்கொண்டது. அப்படியும் எடை போதுமான அளவு குறையவில்லை. 2022இல் தொச்சிகி மாநிலத்தைச் சேர்ந்த தொடக்கப்பள்ளிச் சிறுவர்கள், பல்கலைக்கழக மாணவர்களோடு சேர்ந்து, ரான்டோசெருவில் பொருத்தி இழுத்துச் செல்லத்தக்க இரு சக்கரக் கோல்களை உருவாக்கினார்கள். அதற்குச் சான்போசெரு என்று பெயர் வைத்தார்கள். பிள்ளைகளின் கால்வலிமை குன்றிவிடும், நாங்களெல்லாம் சுமக்கவில்லையா என்று பெரியவர்களிடமிருந்து இணையத்தில் கண்டனங்கள் குவிந்தன. சிறுவர்கள் அவற்றை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பதில் எழுதினார்கள்.